யாரிடம் கேட்பது என்று தெரியாத அச்சம்: மைத்திரிபால சிறிசேனவின் கடைசி ஆண்டு

2019 மே 6ஆம் திகதி இலங்கையில் அரச பாடசாலைகள் திறந்தன. தரம் 6க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளைகள் இன்னும் ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. பாடசாலை வாசலில் பொலிஸாரும் படையினரும் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பெற்றோர் முறை வைத்து நின்று, மற்றவர்களின் பிள்ளைகளுடைய புத்தகப் பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைதான் கொண்டுவர வேண்டும் என்று சில இடங்களில் கேட்டார்கள். பல வகுப்பறைகள் அன்று பாதிகூட நிறையவில்லை.

அந்தப் பெற்றோர் பயந்ததில் ஒரு பிழையும் இல்லை. பதினைந்து நாளுக்கு முன் நடந்தது அப்படிப்பட்டது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசை நேரத்தில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம் மூன்றிலும், கொழும்பின் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. பிற்பகலில் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் வெடித்தன. இறந்தவர்கள் 250க்கும் மேல். சியோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த பிள்ளைகள். போர் முடிந்து அடுத்த மாதம் பத்து வருடம் ஆகப் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்த நாடு அது.

இந்த ஆய்வு குண்டு வைத்தவர்களைப் பற்றியது அல்ல. ஒரு ஜனாதிபதியின் பதவிக்காலம் முடியப்போகும் ஆண்டில் மக்களுக்கு நியாயமான ஓர் அச்சம் வந்தபோது, அந்த அச்சம் எந்தப் பக்கம் திருப்பப்பட்டது என்பதைப் பற்றியது. "இதை ஏன் தடுக்கவில்லை?" என்று மேலே பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய மக்கள், சில வாரங்களுக்குள் "பக்கத்து வீட்டில் இருப்பவர் யார்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அது தானாக நடந்தது என்று நான் நம்பவில்லை. மேலே இருந்தவர்களில் பலருக்கு அந்தத் திருப்பம் வசதியாக இருந்தது.

வவுணதீவில் தொடங்க வேண்டும்

பலரும் இந்தக் கதையை ஏப்ரல் 21இல் தொடங்குவார்கள். மட்டக்களப்புக்காரர்கள் ஐந்து மாதம் பின்னால் போவார்கள். 2018 நவம்பர் 30 அதிகாலை, நகரத்துக்கு மேற்கே வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வவுணதீவில், காவல் கடமையில் நின்ற இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். அதற்கு மூன்று நாள் முன்புதான் இறந்த புலிப் போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள். அது போதுமானதாக இருந்தது. சந்தேகம் உடனே முன்னாள் புலி உறுப்பினர்கள் மேல் விழுந்தது. ஒருவரைப் பிடித்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைத்தார்கள். அவருடைய குடும்பம் அவர் நிரபராதி என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனது.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நடந்த விசாரணையில்தான் அந்த இரண்டு கொலைகளையும் செய்தது, ஏப்ரல் குண்டுதாரிகளுக்குத் தலைமை தாங்கிய இஸ்லாமியத் தீவிரவாதி சஹ்ரான் ஹாஷிமின் ஆட்கள் என்று தெரியவந்தது. 2019 மே மாதத்தில் அந்த முன்னாள் போராளி விடுவிக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்தை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழக்கப்பட்ட சந்தேக நபரைப் பிடித்ததும் தேடல் நின்றுபோனது. உண்மையில் கொன்றவர்கள் ஐந்து மாதம் வெளியே இருந்தார்கள். அவர்கள் பறித்துக்கொண்டு போன துப்பாக்கிகளை எவரும் சரியான இடத்தில் தேடவில்லை. தவறான ஆளைச் சந்தேகிப்பது அந்த ஆளுக்கு அநியாயம் என்பதோடு முடிவதில்லை. அது மற்ற எல்லாருக்கும் ஆபத்து. ஏப்ரல் 21க்குப் பிறகு இந்தப் பாடத்தைச் சொல்ல ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த நவம்பரில் கொழும்பு என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 26 இரவு ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பாராளுமன்றத்தைக் கலைத்தார். சபைக்குள் மிளகாய்த் தூள் வீசப்பட்டது, கதிரை பறந்தது. டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் கலைப்பு செல்லாது என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ரணில் திரும்ப வந்தார். 2015 ஜனவரியில் தமிழரும் முஸ்லிம்களும் அள்ளிக் கொடுத்த வாக்குகளோடு 51.28 சதவீதம் பெற்று, நல்லாட்சி என்ற சொல்லோடு வந்த ஜனாதிபதியும் அவர் நியமித்த பிரதமரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத நிலையில் கடைசி ஆண்டு தொடங்கியது.

ஆளில்லாத மேசை

சிறிசேன ஜனாதிபதி மட்டுமல்ல. பாதுகாப்பு அமைச்சரும் அவர்தான். 2018 முடிவிலிருந்து சட்டம் ஒழுங்கையும், அதாவது பொலிஸையும், தன் கையில் வைத்துக்கொண்டார். அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன அவரோடு நேரடித் தொடர்பில் இருந்தவர். அதிகாரம் எல்லாம் ஓரிடத்தில் குவிந்திருந்தது. ஆனால் தேசிய பாதுகாப்புச் சபை ஒழுங்காகக் கூடவில்லை. கூடிய நாட்களில் பிரதமருக்கு அழைப்பில்லை. பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கும் அக்டோபருக்குப் பிறகு அழைப்பில்லை. நாட்டின் பொலிஸ் தலைவர் இல்லாத பாதுகாப்புச் சபை என்றால் அது என்ன சபை?

எச்சரிக்கைகள் ஒன்றும் மறைவாக வரவில்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களோடு மோதிவிட்டுத் தலைமறைவான சஹ்ரானைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. பள்ளிவாசல் ஆட்கள் பொலிஸுக்குப் போனார்கள், கொழும்பில் அதிகாரிகளைப் பார்த்தார்கள். 2018 டிசம்பர் கடைசியில் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த வழக்கைப் பின்தொடர்ந்து போன குற்றப் புலனாய்வுத் திணைக்களம், 2019 ஜனவரியில் புத்தளம் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் ஏறக்குறைய 100 கிலோ வெடிமருந்தைக் கண்டுபிடித்தது. ஏப்ரல் 16 இரவு காத்தான்குடிக்குப் பக்கத்தில் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை.

இவற்றுக்கு நடுவில் ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து நிலந்த ஜயவர்தனவுக்குத் தகவல் வந்தது. சஹ்ரானும் கூட்டாளிகளும் கத்தோலிக்கத் தேவாலயங்களையும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தையும் தாக்கத் திட்டமிடுகிறார்கள் என்று. அதில் பெயர் இருந்தது, இலக்கு இருந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் அதைப் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாக்கினார். 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர், அமைச்சர்களையும் பிரமுகர்களையும் காக்கும் பிரிவுகளுக்கு அதை அனுப்பினார். கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்தது. யாரும் தேவாலயக் கதவைத் தட்டிச் சொல்லவில்லை.

இந்த ஒரு விடயத்தில் என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. அமைச்சர்களின் மெய்க்காவலர்களுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. அமைச்சர் ஒருவர், தன் தகப்பனாருக்கு இது முன்பே தெரிந்திருந்தது, அன்று தேவாலயத்துக்குப் போக வேண்டாம் என்று அவர் சொன்னார் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். கட்டுவாப்பிட்டியில் பூசைக்குப் போன குடும்பங்களுக்கு அப்படி ஒரு தகப்பனார் கிடைக்கவில்லை. அந்த ஒரு கடிதம் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் கைக்குப் போயிருந்தால், பூசைகளை நிறுத்தியிருப்பேன் என்றுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்.

அந்தக் கிழமையில் ஜனாதிபதி திருப்பதிக்குப் போய்விட்டு சிங்கப்பூரில் இருந்தார். தான் இல்லாத நாட்களுக்குப் பதில் பாதுகாப்பு அமைச்சர் என்று எவரையும் நியமிக்கவில்லை.

அச்சம் இடம் மாறியது

திரும்பி வந்ததும் ஜனாதிபதி சொன்னது ஒன்றுதான்: எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரதமரும் அதையே சொன்னார். இருவரும் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தாலும், அதை வைத்து ஒரு தாய் என்ன செய்வாள்? பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ ஏப்ரல் 25இல் பதவி விலகினார். பொலிஸ் மா அதிபர் விலக மறுத்தார். பொறுப்பை ஏற்று விலகினால் வெளிநாட்டுத் தூதுவர் பதவி தருவதாக ஜனாதிபதி சொன்னார் என்று அவர் பின்னர் தெரிவித்தார். அவரைக் கட்டாய விடுமுறையில் அனுப்பினார்கள். ஜூலையில் இருவரும் கைதானார்கள்.

அவசரகால நிலை வந்தது. ஊரடங்கு வந்தது. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. முகத்தை மூடத் தடை வந்தது. சோதனைச் சாவடிகள் திரும்ப முளைத்தன. கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு அந்தச் சாவடிகள் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அடையாள அட்டையை நீட்டும்போது பெயரைப் பார்த்து முகம் மாறும் அந்த நொடி அவர்களுக்குத் தெரியும். இந்த முறை முகம் மாறியது முஸ்லிம் பெயர்களுக்கு. சில தமிழர்களுக்கு, உண்மையைச் சொன்னால், அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. அதை நான் கேட்டிருக்கிறேன், "இனி அவங்கட முறை" என்று. கிழக்கில் இரண்டு சமூகங்களுக்கும் இடையில் 1990இன் கொலைகளிலிருந்து ஆறாமல் கிடக்கும் காயத்தை அறிந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆனாலும் கேட்கும்போது நெஞ்சு கனத்தது.

ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள். படையினர் சுற்றி வளைத்தபோது சஹ்ரானின் உறவினர்கள் தங்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் வெடித்துக் கொன்றார்கள். அடுத்த தாக்குதலைத் தடுத்தது ஊர்க்காரர்கள் கொடுத்த தகவல்தான். ஆனால் இரண்டு வாரம் கழித்து, மே 12, 13ஆம் திகதிகளில் சிலாபம், குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை என்று வடமேல் மாகாணத்திலும் கம்பஹாவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு மரவேலைக்காரர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊரடங்கு இருந்தது, அவசரகாலச் சட்டம் இருந்தது, வீதியெங்கும் படை இருந்தது. ஆனாலும் கும்பல் போய் வந்தது.

அந்த நாட்களின் சின்னச் சம்பவங்கள்தான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன. ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கப்பல் சுக்கான் படம் போட்ட ஆடை அணிந்திருந்தார். அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்குக் கிட்டச் சிறையில் இருந்தார். பள்ளிவாசல்களில் கத்தி பிடிபட்டது, வாள் பிடிபட்டது என்று ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சி காட்டியது. சமையலறைக் கத்தியும் அந்த மேசையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் பயம் குறையவில்லை, கூடியது.

குருநாகல் மருத்துவரின் கதை இதில் மிகப் பெரியது. மே 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழ், ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலையில் வேலை செய்த ஒரு மருத்துவர் கைதானார். குழந்தை தங்காத ஒவ்வொரு பெண்ணும் தன் வயிற்றைத் தொட்டு யோசிக்க வேண்டி வந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் வந்து முறைப்பாடு கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடிப் பார்த்துவிட்டு, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. மருத்துவருக்கு ஜூலை கடைசியில் பிணை கிடைத்தது. அதற்குள் அது நாட்டின் பாதி வீடுகளில் உண்மையாகிவிட்டது.

தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கும் பிரசவ அறைக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்தது பயம் மட்டும்தான். அந்தப் பயத்துக்கு அதிகாரபூர்வமான விடை எதுவும் கிடைக்காமல் இருந்தது. யார் தவறவிட்டார்கள், ஏன் தவறவிட்டார்கள், இனி எப்படி நடக்காது என்று நாட்டின் தலைவர் ஒரு நாள் உட்கார்ந்து மக்களுக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த வதந்திக்கு இத்தனை இடம் கிடைத்திருக்காது என்பது என் நம்பிக்கை.

அவர் செய்தது எதிர்மாறானது. மே 22ஆம் திகதி பிரதி சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைந்தது. அதன் விசாரணை ஊடகங்களுக்குத் திறந்திருந்தது. மக்கள் முதல் முறையாக அதிகாரிகளின் வாயிலிருந்தே கேட்டார்கள். ஜனாதிபதிக்கு அது பிடிக்கவில்லை. புலனாய்வு அதிகாரிகள் சாட்சி சொல்லக் கூடாது என்றார், ஒரு வாரம் அமைச்சரவையையே கூட்டாமல் விட்டார். சாட்சி சொன்ன சில நாட்களில் சிசிர மெண்டிஸின் பதவி போனது. அதே மே மாதத்தில்தான் நீதிமன்ற அவமதிப்புக்குச் சிறையிலிருந்த, முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பெயர்போன பொதுபல சேனாவின் ஞானசார தேரருக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். வெளியே வந்த தேரர் சில நாட்களில் கண்டிக்குப் போனார். அங்கே தலதா மாளிகைக்கு முன், பாராளுமன்ற உறுப்பினரான பிக்கு அத்துரலியே ரதன தேரர் உண்ணாவிரதம் இருந்தார். ஒரு முஸ்லிம் அமைச்சரும் இரண்டு முஸ்லிம் ஆளுநர்களும் பதவி விலக வேண்டும் என்பது கோரிக்கை. ஜூன் 3ஆம் திகதி ஆளுநர்கள் அசாத் சாலியும் ஹிஸ்புல்லாவும் விலகினார்கள். அதே நாளில் அரசாங்கத்திலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் சேர்ந்து விலகினார்கள்.

அடுத்த கதிரைக்கு வந்தவர்

குண்டு வெடித்து ஒரு வாரம் ஆவதற்குள், ஏப்ரல் 26ஆம் திகதி, மஹிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்ச ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்குப் பேட்டி கொடுத்தார். தேர்தலில் நிற்பதாகவும், தான் கட்டிய புலனாய்வு அமைப்பை இந்த அரசாங்கம் கலைத்துவிட்டது என்றும் சொன்னார். போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளர். அவருடைய தேர்தல் அறிக்கையில் தேசிய பாதுகாப்புக்கே முதலிடம்.

உயிர்த்த ஞாயிறுதான் அவரை ஜனாதிபதியாக்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிட நான் தயாரில்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலிலேயே அவருடைய கட்சி அள்ளிக்கொண்டு போனது. வாழ்க்கைச் செலவு, மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல், இரண்டு தலைவர்களின் சண்டை எல்லாம் சேர்ந்து அரசாங்கத்தை முன்பே சாய்த்திருந்தன. ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு வேறு எந்தக் கேள்வியும் மேடையில் நிற்கவில்லை. விலையைப் பற்றிக் கேட்டாலும் பாதுகாப்பு என்றுதான் பதில் வந்தது.

ஜனாதிபதித் தேர்தல் நாளான நவம்பர் 16ஆம் திகதி காலை, புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழும் முஸ்லிம்களை வாக்களிக்க மன்னாருக்கு ஏற்றிப்போன பேருந்துகள் மீது வழியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அவர்கள் போய் வாக்களித்தார்கள். 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் அவர்கள். முப்பது வருடம் கழித்தும் ஒரு வாக்குக்காக இத்தனை தூரம் பேருந்தில் போக வேண்டியிருந்தது.

கோட்டாபய 52.25 சதவீதம், அவரை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாச 41.99 சதவீதம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு மூன்றிலும் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவர்கள் சஜித்துக்குப் போட்டார்கள். தெற்கில் பெரும்பான்மை வாக்கு மற்றப் பக்கம் விழுந்தது. ஒரே ஆண்டில் ஒரே நாட்டுக்கு வந்த அச்சம்தான். தெற்கு, இவர் நம்மைக் காப்பாற்றுவார் என்று வாக்களித்தது. வடக்கும் கிழக்கும், இவரிடமிருந்து யார் நம்மைக் காப்பாற்றுவார் என்று வாக்களித்தன. பதவியேற்பு அனுராதபுரத்தில், ருவன்வெலிசாய முன்றலில் நடந்தது. சிறிசேன போட்டியிடவே இல்லை.

பிறகு

பொறுப்பு எங்கே போனது என்பதற்கு விடை வர மேலும் மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. ஹேமசிறியும் பூஜித்தும் தலா 855 குற்றச்சாட்டுகளோடு நீதிமன்றம் ஏறி, 2022 பெப்ரவரியில் விடுதலையானார்கள். சிறிசேனவே கடைசி மாதங்களில் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழு, சிறிசேனவுக்கு எதிராகவே குற்றவியல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அரச தரப்பு அவர் மேல் அப்படி வழக்குத் தொடரவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதிதான், உறவுகளை இழந்தவர்களும் மற்றவர்களும் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களில், ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் கட்ட வேண்டும். பூஜித்தும் நிலந்தவும் தலா 7.5 கோடி, ஹேமசிறி 5 கோடி, சிசிர மெண்டிஸ் 1 கோடி. "எனக்குச் சொல்லவில்லை" என்ற பதில் செல்லாது என்று அப்போதுதான் ஒரு மன்று அதிகாரத்தோடு சொன்னது. முன்னாள் ஜனாதிபதி அந்தப் பணத்தைத் தவணை தவணையாகக் கட்டினார்.

குருநாகல் மருத்துவரைக் கட்டாய விடுமுறையில் வைத்திருந்தார்கள். 2022இல், அந்த அச்சத்தின் வாக்குகளால் வந்த ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், நிறுத்தி வைத்த சம்பளம் மருத்துவருக்குக் கிடைத்தது. 26 இலட்சம் ரூபாய்க்கு மேல். மருத்துவமனைகளில் பஞ்சும் ஊசி மருந்தும் இல்லாத காலம் அது. அவர் அந்தப் பணத்தை நோயாளிகளுக்கு மருந்து வாங்கச் சொல்லிச் சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார்.